கடலூரில் வீடு வாங்க, விற்க: பத்திரப்பதிவு இணையதளம் எவ்வளவு கைகொடுக்கிறது?

கடலூரில் வீட்டு விலை என்ன போகிறது என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், நாலு விலை வரும். புரோக்கர் ஒன்று சொல்வார், அதே தெருவில் குடியிருப்பவர் ஒன்று சொல்வார், விளம்பரத் தளத்தில் ஒன்று போட்டிருக்கும், துபாயில் இருக்கும் மைத்துனர் போனில் வேறொன்று சொல்வார். எல்லாமே கேட்கும் விலை, இல்லாவிட்டால் கேள்விப்பட்ட விலை. பத்திரத்தில் காட்டிய தொகை எழுத்தில் இருக்கும் இடம் தமிழ்நாடு பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் இணையதளம்தான். வண்டிப்பாளையத்தில் அப்பா கட்டிய வீட்டை விற்று, கூத்தப்பாக்கம் பக்கம் வேறு வீடு வாங்கிய காலம் முழுக்க இந்தத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பேச்சுவார்த்தைக்கும் போனேன். வில்லங்கம் பார்க்க மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். விலை பார்க்கவும் நம்மூர்க்காரர்களுக்கு இதைவிட நம்பகமான சேவை வேறு இல்லை என்பது என் முடிவு. எங்கே இது கைகொடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் கடலூர் மாதிரி ஊரில் அந்தப் பகுதிதான் அதிகம் முக்கியம்.

முதலில் வழிகாட்டி மதிப்பு, ஊர்ப்பேச்சில் கைடுலைன். ஒவ்வொரு தெருவுக்கும் புல எண்ணுக்கும், அதாவது சர்வே எண்ணுக்கும், அரசு வைத்திருக்கும் மதிப்பு இது. பத்திரத்தில் இதற்குக் கீழே விலை போட்டால் பதிவு அலுவலகத்தில் கேள்வி வரும், ஒத்துக்கொள்ளாவிட்டால் முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி தனித்துணை ஆட்சியரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். தளத்தில் கடலூர் மண்டலம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, தெருப் பெயரையோ புல எண்ணையோ கொடுத்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்று வந்துவிடுகிறது. காசு கிடையாது. பழைய காலகட்டங்களின் மதிப்பையும் எடுத்துப் பார்க்க முடிகிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஒரே தெருவை வெவ்வேறு காலத்தில் அரசு எப்படி மதித்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே சந்தையின் ஏற்ற இறக்கம் என்று எடுத்துக்கொண்டால் தப்பாகப் போய்விடும். 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், அதே சமயம் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய அளவுக்கே கொண்டுபோய், கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கினார்கள். அது நீதிமன்றம் வரை போய், முறைப்படி மறுபடி தயாரித்த மதிப்புகள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒரு தெருவின் மதிப்பு சதுர அடிக்கு 1000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2017க்கு முன்னால் முத்திரைத் தீர்வை 7, கட்டணம் 1 என்று சதுர அடிக்கு 80 ரூபாய் செலவு. குறைத்த பிறகு மதிப்பு 670, அதில் 11 சதவீதம் என்றால் 74 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 2023க்குப் பிறகு மறுபடியும் 1000, அதில் 9 சதவீதம், 90 ரூபாய். தெருவில் மண் அதே மண், வீடு அதே வீடு. இது சென்னையில் எடுத்த முடிவின் வரலாறு, நம் தெருவில் நடந்த பேரத்தின் வரலாறு வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் வில்லங்கச் சான்று, ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, கடன் போன்ற ஆவணங்களின் பட்டியல். எல்லோரும் ஈ.சி. என்றுதான் சொல்கிறோம். கையொப்பமிட்ட சான்று வேண்டுமென்றால் கட்டணம் உண்டு, திரையில் பார்க்க இலவசம். பெரும்பாலான கிராமங்களுக்கு 1975 வரை பின்னோக்கிப் போக முடிகிறது, அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத் தேட வேண்டும். பொதுவாக நாம் வாங்கப் போகும் சொத்துக்கு மட்டும் ஈ.சி. போட்டுப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். நான் சொல்வது, பக்கத்து மனைகளுக்கும் போட்டுப் பாருங்கள் என்பதுதான். வருவாய்த் துறையின் நில ஆவணத் தளத்தில் புலப்படம் கிடைக்கும், நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேடு. அதில் அக்கம்பக்கத்து உட்பிரிவு எண்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஈ.சி. எடுத்தால், அந்தத் தெருவில் கடந்த சில ஆண்டுகளில் என்னென்ன கைமாறியது என்பது உங்கள் மேசைக்கு வந்துவிடும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஈ.சி.யை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் முதல் பக்கத்தைப் பார்த்ததும் வக்கீலிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு பதிவும் ஒரு கட்டம். ஆவண எண்ணும் ஆண்டும் முதலில் இருக்கும், அடுத்து எழுதிக் கொடுத்த நாள், தாக்கல் செய்த நாள், பதிவான நாள் என்று தேதிகள், அப்புறம் ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர். அதற்குக் கீழே கைமாற்றுத் தொகை என்று ஒரு எண்ணும், சந்தை மதிப்பு என்று ஒரு எண்ணும் இருக்கும். முந்தைய ஆவண எண், சொத்தின் பரப்பு, நான்கு பக்க எல்லை என்று கட்டம் முடியும். விலை தேடுபவர் நிற்க வேண்டிய இடம் அந்த இரண்டு எண்கள்தான். இரண்டும் ஒரே தொகையாக இருந்தால் கைடுலைன் விலைக்கே பத்திரம் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள், நிஜ விலை அதற்கு மேல் எங்கோ இருக்க வாய்ப்பு அதிகம். கைமாற்றுத் தொகை சந்தை மதிப்பைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் அது நமக்குத் தேவையான பதிவு, வாங்கியவர் வெளிப்படையாகக் காட்டிய விலை. ஒரு தெருவுக்கு இப்படி இரண்டு மூன்று பதிவு கிடைத்தாலே பரப்பால் வகுத்துப் பார்த்துவிடலாம். வீடு இருந்தால் கட்டட மதிப்பு தனியாகச் சேர்ந்திருக்கும், அதைக் கழித்துவிட்டுத்தான் நிலத்தின் விலைக்கு வர வேண்டும்.

இதற்கு அடுத்த வரியைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் இன்னும் நல்லது. கிரையப் பத்திரம் பதிவான அதே நாளில் அல்லது சில நாட்களில், வங்கியின் பெயரில் உரிமை ஆவணங்களை ஒப்படைத்த ஆவணம் ஒன்று பதிவாகியிருக்கும், எம்.ஓ.டி. என்பார்கள். அதில் கடன் தொகை இருக்கும். பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதியிருந்தாலும் வங்கி தன் இன்ஜினீயரை அனுப்பி மதிப்புப் போட்டுத்தான் கடன் கொடுக்கிறது, அதுவும் முழுத் தொகை கொடுக்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். ஒரு பேச்சுக்கு, பத்திரத்தில் 25 லட்சம் என்று எழுதி, எம்.ஓ.டி. 40 லட்சத்துக்குப் பதிவாகியிருந்தால், வங்கியின் கணக்கில் அந்தச் சொத்து குறைந்தது 50 லட்சம். காலி மனையாக இருந்தால் கவனம், கடனில் வீடு கட்டும் தொகையும் சேர்ந்திருக்கலாம். கட்டிய வீட்டுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வருகிறது. நாங்கள் வாங்கிய வீட்டுக்கு எதிர்வரிசையில் இருந்த ஒரு வீட்டின் எம்.ஓ.டி. தொகைதான் எங்கள் பேரத்தில் கடைசி வரை கையில் நின்ற ஆதாரம்.

புரோக்கர்கள் எல்லோரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, நல்லபடியாக ஓடியாடி வேலை செய்து கொடுத்தவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு வீட்டைக் காட்டிவிட்டு, "பக்கத்து வீடு போன தையில என்ன விலைக்குப் போச்சுன்னு கேட்டுப் பாருங்க சார், இதெல்லாம் கம்மி" என்றார். சொன்ன தொகையும் நம்பும்படிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்து வீட்டின் உட்பிரிவு எண்ணைப் போட்டுப் பார்த்தால், தை மாதம் ஒரு ஆவணம் பதிவாகியிருந்தது உண்மை, ஆனால் தன்மை என்ற இடத்தில் தான செட்டில்மென்ட் என்று இருந்தது, அப்பா மகளுக்கு எழுதிக் கொடுத்தது. விற்பனையே நடக்கவில்லை. மறுநாள் அவரிடம் அந்த ஆவண எண்ணைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார். இந்த மாதிரி "போன மாசம் போன விலை" ஒவ்வொரு தெருவிலும் ஒன்று உலாவிக்கொண்டிருக்கிறது, விற்பவர் அதை நம்பி விலையை ஏற்றி வைத்து, வருடக் கணக்கில் வீடு பூட்டிக் கிடக்கிறது. விற்பவருக்கும் இது நஷ்டம்தான் என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

சரி, இப்படித் தெருத் தெருவாகப் பார்த்ததில் கடலூரைப் பற்றி என்ன புரிந்தது? மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், புதுப்பாளையம் போன்ற பழைய பகுதிகளில் கிரையம் குறைவு, செட்டில்மென்ட்டும் பாகப்பிரிவினையும் அதிகம். வீடு குடும்பத்துக்குள்ளேயே சுற்றுகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் பெற்றோர் காலத்துக்குப் பிறகுதான் வெளியே விற்பனைக்கு வருகின்றன, அப்படி வரும்போது நான்கைந்து பேர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. இந்தப் பகுதியில் ஒரு நல்ல வீடு வந்தால் விலை ஏன் இறங்குவதில்லை என்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன், வருவதே குறைவு. கூத்தப்பாக்கம், செம்மண்டலம், கோண்டூர், நெல்லிக்குப்பம் சாலைப் பக்கம் நிலைமை வேறு. மனையாக வாங்கியது, கட்டியது, கடன் அடைத்த ரசீது, மறுபடி விற்றது என்று ஈ.சி. நீளமாக இருக்கும், விலையை ஒப்பிடவும் வசதி. தெற்கே ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை நம்பி ஏறிய மனைகள் தனிக் கதை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அந்தக் கட்டுமானத்தையே சிதைத்துவிட்டுப் போனது, பணி நின்றது, பின்னால் ஆலை கைமாறியது. ஒவ்வொரு செய்தி வரும்போதும் அந்தப் பக்கம் மனை விளம்பரம் பெருகும். விழுப்புரம் நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலையை வைத்தும் அதே பேச்சு. சாலை உண்மையிலேயே வந்துவிட்டது, அதனால் ஊருக்கு வெளியே இருப்பது முன்போல் தொலைவு இல்லை, ஆனால் சாலைக்கு இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மனைக்கும் சாலையோர விலையைக் கேட்பவரிடம் அந்த உட்பிரிவின் கடைசிக் கிரையத்தைக் காட்டுங்கள்.

இனி குறைகள். ஈ.சி.யில் வில்லங்கம் இல்லை என்று வந்துவிட்டால் சொத்து சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. உயில் அதில் வராது. பதிவு செய்யாமல் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் வராது, தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்றாலும் இன்றைக்கும் வெள்ளைத்தாளில் எழுதி அட்வான்ஸ் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றத்தில் நடக்கும் பாகப் பிரிவினை வழக்கு வராமல் போகலாம். குடியிருப்பவர் காலி செய்வாரா என்பது எந்தத் தளத்திலும் தெரியாது. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதும் இதில் இல்லை, அதற்கு வருவாய்த் துறைத் தளத்தைத் தனியாகத் திறக்க வேண்டும். இரண்டு துறையும் உட்பிரிவு எண்ணை ஒரே மாதிரி வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது, பத்திரத்தில் பழைய புல எண், பட்டாவில் நகர அளவை எண் என்று இருக்கும். அந்த இரண்டையும் பொருத்திப் பார்க்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது, அதற்கு ஒரு நல்ல பத்திர எழுத்தரோ சர்வேயரோ தேவை. இதில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள்.

மனை என்றால் இன்னொரு தேதி முக்கியம், 2016 அக்டோபர் 20. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு தடை போட்டது, அதன் பிறகு வந்த விதிகளில் இந்தத் தேதிதான் எல்லைக்கோடு. அந்தத் தேதிக்கு முன் மனையாகப் பதிவான சொத்துகளை மறுபடி விற்கலாம், ஆனால் வரன்முறைப்படுத்தாமல் கட்டட அனுமதி கிடைக்காது, அனுமதி இல்லையென்றால் வங்கிக் கடனும் சிக்கல். எனவே ஈ.சி.யில் அந்த மனை முதன்முதலில் எப்போது மனையாக விற்றது என்று பாருங்கள். புது லே-அவுட் என்றால் நகர் ஊரமைப்புத் துறையான டி.டி.சி.பி.யின் ஒப்புதல் எண்ணும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரேராவின் எண்ணும் கேளுங்கள், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டத்துக்கு ரேரா பதிவு கட்டாயம், அந்தப் பதிவையும் ரேரா தளத்தில் சரிபார்க்க முடியும். கோயில் நிலம், புறம்போக்கு விஷயத்தில் வாய்வார்த்தையை நம்பவே வேண்டாம். பழைய கோயில்கள் உள்ள ஊர் இது, தெருவுக்கு நடுவிலேயே கோயில் மனை இருக்கும், குடியிருப்பவர் தலைமுறை தலைமுறையாக இருப்பார், விற்கும் உரிமை மட்டும் இருக்காது.

எந்த அரசுத் தளமும் சொல்லாத ஒன்று தண்ணீர். கடலூரில் வீடு வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்று அடித்துச் சொல்வேன். வடக்கே தென்பெண்ணை, நடுவில் கெடிலம், தெற்கே உப்பனாறும் பரவனாறும், கிழக்கே கடல். 2004 சுனாமியில் தேவனாம்பட்டினம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2015 மழை, அப்புறம் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். புயல் கரையைக் கடந்து மழை விட்ட பிறகுதான் பெரிய தண்ணீர் வந்தது, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டதில் தென்பெண்ணைக் கரையோரம் குண்டு உப்பலவாடி, நாணமேடு போன்ற இடங்களில் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் கைடுலைனில் அந்த வெள்ளத்துக்கென்று ஒரு கோடு கிடையாது. வீடு பார்க்கப் போன ஒரு தெருவில், நான் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்த எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து, ஜன்னல் கட்டைக்குக் கீழே கையை வைத்து, "இதுவரைக்கும் நின்னுச்சு தம்பி, மோட்டார் போயிடுச்சு, ஃப்ரிட்ஜ் மிதந்துச்சு" என்றார். அந்த வீட்டுச் சுவருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள், ஆனால் காம்பவுண்டு சுவரின் உள்பக்கம் அடிக்க மறந்துவிட்டார்கள், முழங்காலுக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு அப்படியே ஓடியது. ஸ்விட்ச் போர்டுகள் மட்டும் புதிதாக, வழக்கத்தைவிட உயரத்தில் இருந்தன. இதையெல்லாம் நேரில் போனால்தான் பார்க்க முடியும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை கட்டாயம் போய்ப் பாருங்கள், சாலை மட்டத்தைவிட வீட்டு மட்டம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சாலையை ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பழைய வீடுகள் பள்ளமாகிவிட்டன. கடலை ஒட்டி வாங்குபவர்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் பார்க்க வேண்டும், மனையை வாங்கிவிடலாம், கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களில் நிலத்தடி நீர் பற்றிய புகார்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன, கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அட்வான்ஸ் பேசுவது நல்லது.

எல்லைப் பிரச்சினை ஒன்று நம்மூருக்கே உரியது. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடையில் புதுச்சேரி வந்துவிடும். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், பாகூர் பக்கம் மலிவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், டி.என்.ரெஜிநெட் அங்கே உதவாது. அது யூனியன் பிரதேசம், முத்திரைத் தீர்வை வேறு, பதிவு அலுவலகம் வேறு, நில ஆவணத்துக்கு அவர்களுடைய நிலமகள் தளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே நிலத்தைக் குழிக் கணக்கிலும் பேசுவார்கள், ஒரு குழி 576 சதுர அடி. நம் பக்கம் சென்ட் 435.6 சதுர அடி. இரண்டையும் சதுர அடிக்கு மாற்றாமல் விலையை ஒப்பிட்டால் எது மலிவு என்பதே தெரியாது.

விற்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். விலையை வைப்பதற்கு முன் உங்கள் சொத்துக்கு நீங்களே ஈ.சி. போட்டுப் பாருங்கள், வாங்க வருபவர் கட்டாயம் பார்க்கத்தான் போகிறார். எங்கள் வீட்டுக்குப் பார்த்தபோது, அப்பா என்றைக்கோ கட்டி முடித்த கடனுக்கு ரசீது ஆவணம் பதிவாகாமலே இருந்தது தெரிந்தது. கடன் கொடுத்த இடம் வேறொரு கிளையோடு சேர்ந்துபோயிருந்தது, அங்கே ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், அந்த ஒரு காகிதத்துக்காகக் கையில் வந்த ஒரு நல்ல பார்ட்டி போய்விட்டார். இறந்தவர் பெயரில் பட்டா இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எடுத்து முதலில் மாற்றுங்கள், வீட்டு வரி, மின் இணைப்புப் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டட அனுமதி வரைபடத்தைத் தேடி வையுங்கள், வாங்குபவரின் வங்கி அதைத்தான் முதலில் கேட்கும். பழைய தளம் போட்ட வீடு என்றால் வங்கி இன்ஜினீயர் கட்டடத்துக்கு வயதுக்கேற்பக் கழித்துவிடுவார், தேக்கு நிலையும் ஆத்தங்குடித் தரையும் உங்கள் மனசில் பெறும் விலை அவர் அறிக்கையில் வராது. வரி விஷயத்தில், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடோ மனையோ என்றால், நீண்டகால மூலதன ஆதாயத்துக்குப் பணவீக்கக் கணக்கோடு 20 சதவீதம், அது இல்லாமல் 12.5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதன்படி கட்டலாம், பரம்பரை வீடு விற்பவர்கள் ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் அதில் 1 சதவீதத்தை வருமான வரியாக (டி.டி.எஸ்.) பிடித்துக் கட்ட வேண்டும். அட்வான்ஸை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள், அதற்கு அபராதம் அதே அளவு.

வாங்குபவர்களின் கணக்கை மாற்றியது வட்டி. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே வரை 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது, 2025இல் படிப்படியாக இறங்கியது. 30 லட்சம் கடன், 20 வருடம் என்றால் 9 சதவீதத்தில் மாதத் தவணை ஏறத்தாழ 27,000, 8 சதவீதத்தில் ஏறத்தாழ 25,100. இந்த வித்தியாசத்தில் பலருக்குக் கடன் தகுதியே கூடுகிறது, அதனால்தான் வட்டி இறங்கும் காலத்தில் கட்டி முடித்த நடுத்தர வீடுகளுக்குத் தேடி வருபவர்கள் கூடுகிறார்கள். ஒன்றை மறக்க வேண்டாம், 9 சதவீதப் பதிவுச் செலவுக்கு வங்கி கடன் தராது. 40 லட்சம் வீடு என்றால் அதுவே 3 லட்சத்து 60 ஆயிரம், கைக்காசு. 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும், 2025 ஏப்ரல் முதல். சின்ன மனை வாங்குபவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் விலை அறிவதற்கும் வில்லங்கம் பார்ப்பதற்கும் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். எங்கிருந்து வேண்டுமானாலும், இரவு பதினொரு மணிக்கும், யாரையும் கெஞ்சாமல் பார்க்க முடிகிறது, எங்கள் அப்பா காலத்தில் ஒரு ஈ.சி.க்குப் பதிவு அலுவலக வாசலில் நாள் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பதற்குக் காரணம், எல்லாத் தகவலும் உள்ளே இருந்தும் ஒரு தெருவின் கிரையங்களை ஆண்டுவாரியாக, பரப்போடும் தொகையோடும் ஒரே அட்டவணையாகப் பார்க்க வழியில்லை. ஆட்களின் பெயர்கூட வேண்டாம், தொகையும் பரப்பும் போதும். அதை மட்டும் துறை செய்து கொடுத்தால், தங்கள் வீட்டுக்கு என்ன விலை என்றே தெரியாமல் யாரோ சொன்ன தொகைக்குத் தலையாட்டும் வயதானவர்களுக்குப் பெரிய உபகாரமாக இருக்கும், மனமார வேண்டிக் கேட்கிறேன்.

இப்போது வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆடியில் யாரும் பதிவுக்கு வரமாட்டார்கள், ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாட்களில் கூடுதல் டோக்கன் கொடுக்கும் அளவுக்குக் கூட்டம். எனவே பேரத்தை ஆடியிலேயே ஆரம்பியுங்கள், மழைக்காலத்தில் தெருவைப் பாருங்கள், தையில் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர்களுக்கு: காகிதம் சுத்தமாக இருக்கும் பழைய டவுன் வீட்டுக்கு அவசரப்பட்டு விலையை இறக்க வேண்டாம், ஆலை வரும் என்று வெளிப்புற மனையைப் பிடித்து வைத்திருப்பவர்கள் நல்ல விலை வந்தால் கொடுத்துவிடலாம்.